எல்லாக் காப்பீடும் என்றொரு பலகை

2022 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. விடியற்காலையில் பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் தெரிந்தன. நண்பகலுக்குள் தஞ்சாவூரில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுது, சிரித்து, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: “எந்த டாக்டரிடம் காட்டப் போகிறாய்?”

“நாளைக்குப் போகிறேன் அம்மா” என்றேன். அந்த நாளை வந்து சேர மூன்று வாரமும் ஒரு நாளும் ஆயின.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிற சிற்றூர் எங்களுடையது. கணவருக்கு வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் வேலை. நான் அப்போது ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், கைச்சம்பளம் இல்லை. ஆனாலும் என் கைப்பையில் என் பெயரும் புகைப்படமும் போட்ட மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. வருமானமில்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதல் கட்டணம் வாங்காமல் அட்டை தருவது இங்கே சட்டம். அந்த அட்டையை நான் மிகவும் நம்பியிருந்தேன்.

மருத்துவமனை என்றால் உள்ளே போய், சீட்டு வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து உட்காருவது என்று பழகிய உடம்பு இது. நான் பிறந்ததே தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில்தான். இங்கே முதலில் தொலைபேச வேண்டும். காப்பீட்டு டாக்டர்கள் சங்கத்தின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால், சுற்றியுள்ள பெண்கள் நல மருத்துவர்களின் பெயரும் எண்ணும் வரும். பதினைந்து கிலோமீட்டருக்குள் பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு வாக்கியங்களை ஜெர்மனில் நோட்டில் எழுதி, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். “வணக்கம், நான் கர்ப்பமாக இருக்கிறேன். புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறீர்களா?”

முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். என் முதல் வாக்கியம் முடிவதற்குள் குறுக்கே புகுந்தார்: “கெசெட்ஸ்லிஷ் ஓடர் ப்ரிவாட்?”

சட்டபூர்வக் காப்பீடா, தனியார் காப்பீடா என்று அர்த்தம். எத்தனை வாரம், வலி உண்டா, ரத்தப்போக்கு உண்டா, முதல் குழந்தையா, எதுவும் கேட்கவில்லை. நான் “கெசெட்ஸ்லிஷ்” என்றேன். “மன்னிக்கவும், இடமில்லை” என்றார். மொத்தம் நாற்பது விநாடி இருக்கும்.

இந்தக் கேள்வியின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு என்பதைப் பிஸ்மார்க் 1883இல் சட்டமாக்கினார். அதன் வழிவந்த சட்டபூர்வக் காப்பீட்டில் இன்று ஜெர்மனியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். சம்பளத்தில் 14.6 சதவீதமும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சிறு கூடுதலும் போகும். பாதி முதலாளி, பாதி தொழிலாளி. ஓர் உச்சவரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், அரசு அதிகாரிகள் ஆகியோர் விரும்பினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். பத்தில் மீதி ஒருவர் ஏறக்குறைய இவர்கள்தான்.

டாக்டருக்கு இந்த இரண்டு ஆட்களும் ஒன்றல்ல. என் போன்றவர் வந்தால் காலாண்டுக்கு ஒரு தொகை. அந்த மூன்று மாதத்தில் ஒருமுறை வந்தாலும் மூன்றுமுறை வந்தாலும் பெரும்பாலும் அதே தொகைதான். டாக்டருக்கு அப்படி மொத்தமாகச் சேரும் தொகைக்கும் ஒரு வரம்பு உண்டு. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வேறு கணக்கு என்றாலும் அதுவும் காலாண்டுக்கு ஒன்று; ஒரு கர்ப்பிணிக்கு ஒரு காலாண்டில் ஒரே டாக்டர்தான் அந்தக் கணக்கை எழுத முடியும். தனியார் காப்பீட்டுக்காரர் வந்தாலோ செய்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பில். அரசு வெளியிட்ட கட்டணப் பட்டியலில் இருக்கும் தொகையை 2.3 மடங்கு வரை எந்த விளக்கமும் தராமல் பெருக்கிக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தொலைபேசியை எடுத்த அந்தப் பெண்மீது எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டாவது எண்ணில் பதிவு செய்த குரல்: தற்சமயம் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. மூன்றாவதிலும் அதே செய்தி, வேறு குரல். நான்காவது எண்ணில் எடுத்தவர் அன்பாகவே பேசினார். இந்தக் காலாண்டு நிரம்பிவிட்டது, அக்டோபரில் மறுபடி கேளுங்கள் என்றார். ஐந்தாவது இடம் தனியாருக்கு மட்டும் என்று அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படவில்லை போலும். ஆறாவது எண்ணை மூன்று நாள் முயன்றேன். காத்திருக்கச் சொல்லிப் பியானோ வாசிப்பார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும். அந்த மெட்டு எனக்கு இன்றும் மனப்பாடம்.

முன்பதிவு இணையதளம் ஒன்றிலும் தேடினேன். அங்கேயும் முதல் படியில் அதே கேள்விதான், இரண்டு பொத்தான்களாக. “சட்டபூர்வம்” என்று அழுத்தினால் நாட்காட்டி முழுக்கச் சாம்பல் நிறம். குறும்புக்காக “தனியார்” என்று அழுத்திப் பார்த்தேன். அதே டாக்டர், அதே அறை, வியாழக்கிழமை காலை 9.20, வெள்ளிக்கிழமை காலை 8.40, நீல நிறத்தில் பளிச்சென்று வந்து நின்றன. பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினேன். சாம்பல், நீலம், சாம்பல், நீலம்.

“பேசாமல் கையிலிருந்து காசு கொடுத்துவிடலாமே” என்றார் கணவர். நம் ஊரில் வளர்ந்த நடுத்தர வர்க்கத்துக்கு இதுதான் முதல் யோசனையாக வரும். அரசு வரிசை நீளமா, பக்கத்துத் தெருவில் தனியார் நர்சிங் ஹோம். கொடுக்கவும் முடிந்திருக்கும். நான் அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடித்தம் ஆகும் தொகையின் மேல் விரலை வைத்தேன். “இது யாருக்குப் போகிறது?” என்று கேட்டேன். அவர் பேசவில்லை. வீம்புதான், மறுக்கவில்லை. காலையில் எழுந்தால் வாந்தி, மாலையில் வீம்பு, இரண்டும் சேர்ந்தே இருந்தன.

116117 என்று ஓர் எண் இருக்கிறது. புதிதாக இங்கே வருபவர்கள் முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய எண் இது. சட்டபூர்வக் காப்பீட்டில் இருப்பவருக்குச் சிறப்பு மருத்துவரிடம் நான்கு வாரத்துக்குள் நேரம் வாங்கித் தருவது இவர்கள் கடமை. பொதுவாக இதற்குக் குடும்ப டாக்டரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும். பெண்கள் நல மருத்துவருக்கும் கண் மருத்துவருக்கும் அது தேவையில்லை. அழைத்தேன். சொன்னபடி நேரமும் கொடுத்தார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், பஸ், ரயில், மறுபடி பஸ். அது அந்த ஒரு நாளுக்கான நேரம் மட்டுந்தான். அந்த டாக்டர் பிரசவம் வரை நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதில் அடங்காது. மசக்கையில் ரயில் ஏறுவதை நினைத்தாலே வயிறு புரண்டது. வேண்டாம் என்று சொல்லி அந்த நேரத்தை விட்டுக்கொடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரந்தான் தங்கை ஊரிலிருந்து பேசினாள். அவளும் முழுகாமல் இருந்தாள்; எனக்கு மூன்று மாதம் முன்னே. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே வந்து, விவரம் எழுதி, பிக்மி எண் என்கிற அரசுக் கர்ப்பிணிப் பதிவெண்ணையும் பதிந்துகொடுத்துவிட்டுப் போனாராம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் தவணை தவணையாக வரும், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு உண்டு என்று கணக்குச் சொன்னாள். “பேரீச்சம்பழம் வந்திருக்கிறது, உனக்கு வேண்டுமா அக்கா?” என்று கேலி வேறு. அங்கே அரசு கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்கு வருகிறது. இங்கே நான் நோட்டுப் புத்தகத்தோடு டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலும் கழிவறையும் எப்படி இருக்கும் என்று தெரியாதவள் அல்ல நான். ஆனாலும் அன்று வயிறெரிந்தது உண்மை.

வழி காட்டியவர் ஓர் ஈழத்து அக்கா. எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி. 1986இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, மேற்கே வந்து அகதியாகப் பதிந்தவர். அந்த நாட்களில் வந்த ஈழத்தமிழர் பலருக்கும் அதுதான் பாதை. முதியோர் இல்லச் சமையற்கூடத்தில் முப்பது வருட வேலை. மூன்று பிள்ளைகளையும் இதே ஊரில் பெற்றவர். படிக்கட்டில் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“எத்தனை மாதம் பிள்ளை?”

சொன்னேன். பதினொரு எண்ணையும் பியானோவையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“தொலைபேசியில் கதைத்தால் இவர்கள் ஒருநாளும் இடம் தரமாட்டார்கள். ‘இல்லை’ என்று சொல்ல அவர்களுக்கும் சுகம். காலாண்டு தொடங்குகிற முதல் நாள், கதவு திறக்க முன்னம் நேரே போய் நில். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நில். வயிற்றில் பிள்ளையோடு முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்து ‘போ’ என்று சொல்லக் கொஞ்சம் கல்மனம் வேண்டும்.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். வந்த புதிதில் அவருக்கு ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. தெருவில் டாக்டர்களின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே போவாராம். சிலவற்றில் அடியில் இரண்டு சொற்கள் இருக்கும்: “அல்லெ காஸன்”. எல்லாக் காப்பீடும் ஏற்கப்படும் என்று பொருள். “நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த ஜெர்மன் அதுதான். அந்த இரண்டு சொல் இருந்தால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டும்.”

அக்கா தன் அனுபவத்தில் சொன்ன இந்த வழிக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது என்பதை அன்றிரவு தேடித் தெரிந்துகொண்டேன். 2019இல் வந்த ஒரு சட்டப்படி, சட்டபூர்வக் காப்பீட்டை ஏற்கும் பெண்கள் நல மருத்துவர்கள் வாரத்தில் குறைந்தது ஐந்து மணி நேரம், முன்பதிவில்லாமல் வருபவர்களைப் பார்க்கத் திறந்துவைக்க வேண்டும். இது எந்தப் பதிவுக்குரலிலும் எனக்குச் சொல்லப்படவில்லை.

அக்டோபர் 1 சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. 3ஆம் தேதி ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், தேசிய விடுமுறை. ஆக, என் காலாண்டு 4ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் பிறந்தது. ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நான்காவது எண்காரரின் இடம். “அக்டோபரில் கேளுங்கள்” என்று சொன்னாரே, அவர்கள். பழைய வீடு, கீழே ரொட்டிக் கடை. வாசலில் வெள்ளைப் பலகை. டாக்டர் பெயர், வேலை நேரம், அடியில் சிறிய எழுத்தில் அந்த இரண்டு சொற்கள். எனக்கு முன்னால் படிக்கட்டில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். கொரோனா விதிகள் இன்னும் விலகவில்லை. எல்லோர் முகத்திலும் வெள்ளை முகக்கவசம். ரொட்டி வேகும் வாசனை முகக்கவசத்தையும் தாண்டி வந்தது. மற்ற நாளாக இருந்தால் பிடித்திருக்கும்; அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தன்னுடைய படியைக் காட்டி, நீ முன்னே போ என்று கையை அசைத்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் நகர்ந்துகொண்டார்.

கதவு திறந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நரைத்த குட்டைமுடியோடு ஒரு பெண். நான் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். சிறிய கருவியில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போனது. நிமிர்ந்து பார்த்து, “கடைசி மாதவிடாய் எந்தத் தேதி?” என்று கேட்டார்.

மூன்று வாரத்தில் என் உடம்பைப் பற்றி இந்த நாட்டு மருத்துவத்துறை கேட்ட முதல் கேள்வி அது. தேதி வாயில் வரவில்லை. ஜெர்மனில் எண்களைத் திருப்பிப் போட்டுச் சொல்வார்கள், ஒன்றும் இருபதும் என்று. பதற்றத்தில் பன்னிரண்டு என்றேன், இருபத்தொன்று என்றேன். அவர் நாட்காட்டியைத் திருப்பி என் பக்கம் வைத்தார். விரலால் காட்டினேன்.

டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மெல்லப் பேசினார், புரியாதபோது படம் வரைந்து காட்டினார். ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி துடித்தது. எட்டாவது வாரம். நீல அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்றை எடுத்து என் பெயரை எழுதினார். அதற்கு முட்டர்பாஸ் என்று பெயர், தாய்க்கான கடவுச்சீட்டு. பதினாறு பக்கம். ரத்த வகை, எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் அளவு எல்லாம் அதில் ஏறும். எங்கே போனாலும் கூடவே இருக்க வேண்டும். “இதில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள்” என்றார்.

மேசைக்குப் பின்னால் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது, டாக்டர்கள் எதிர்ப்புத் தெரிவித்து ஒட்டியது. புதிதாகச் சேர்க்கும் நோயாளிகளுக்கு வரம்புக்கு வெளியே முழுத் தொகை தரும் ஏற்பாடு ஒன்று 2019 சட்டத்தில் இருந்தது. அதை அரசு நிறுத்தப் போகிறது என்பது அவர்கள் புகார். அந்த ஆண்டு முடிவோடு நிறுத்தியும் விட்டார்கள். மூடப் போகிற கதவில் கடைசி ஆட்களில் ஒருத்தியாக நுழைந்தேனோ என்னவோ.

உள்ளே போன பிறகு அந்த அட்டை தன் வாக்கைக் காப்பாற்றியது; இதைச் சொல்லாவிட்டால் பாவம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, 32ஆம் வாரத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு சென்ட் கட்டவில்லை. ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். வழக்கமாக மருந்துக் கடையில் நாம் ஒரு சிறு பங்கு கொடுக்க வேண்டும், கர்ப்பத்துக்கான மருந்து என்றால் அதுவும் இல்லை. ஸ்கேன் மட்டும் கணக்குப்படி மூன்று: 9 முதல் 12, 19 முதல் 22, 29 முதல் 32ஆம் வாரங்களில். மேலும் வேண்டுமென்றால் நம் கைக்காசு. அதற்கான விலைப்பட்டியலை முதல் நாளே கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். கணவரின் அலுவலகத் தோழி ஒருவர், தனியார் காப்பீடு, ஒவ்வொரு முறையும் புதுப் படத்தோடு வருவார், ஆல்பமே போட்டிருந்தார். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தக் காசில் பிள்ளைக்குக் குளிர்கால உடுப்பு வாங்குங்கள்” என்றார். விலைப்பட்டியலை அச்சடித்து வைத்திருப்பவரே இப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அம்மாவுக்குக் கடைசிவரை விளங்காத விஷயம் ஒன்று உண்டு. ஒன்பது மாதம் பார்த்த டாக்டர் பிரசவத்துக்கு வரமாட்டார். மருத்துவமனையில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கே அன்று பணியில் யார் இருக்கிறாரோ அவர். அவரும் தேவைப்பட்டால்தான். மருத்துவச்சி இல்லாமல் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது, டாக்டர் இல்லாமல் மருத்துவச்சி பார்க்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். “அப்புறம் எதற்கு அந்த டாக்டருக்காக அத்தனை பாடுபட்டாய்?” என்று கேட்டாள் அம்மா. நியாயமான கேள்விதான். போதாததற்கு, ஸ்கேன் தவிர மற்றப் பரிசோதனைகளை மருத்துவச்சியே செய்யலாம், முட்டர்பாஸும் அவரே எழுதிக்கொடுக்கலாம் என்பது எனக்கு ஏழாம் மாதத்தில்தான் தெரியவந்தது. முதல் வாரத்தில் யாராவது சொல்லியிருந்தால் பாதி இரவுகள் தூங்கியிருப்பேன். மருத்துவச்சிகளுக்கும் தட்டுப்பாடுதான், குச்சியில் கோடு தெரிந்த அன்றே தேட ஆரம்பித்துவிடுங்கள்.

மகள் 2023 மே மாதம் பிறந்தாள். பிறந்தபோது அருகில் இருந்தவர்கள் ஒரு மருத்துவச்சியும், கை நடுங்கிக்கொண்டிருந்த கணவரும். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு மருத்துவச்சி முதல் பத்து நாளும் தினமும் வந்து, தொப்புள்கொடியைப் பார்த்து, பால் கட்டிய மார்புக்கு முட்டைக்கோஸ் இலை வைக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் அம்மா அனுப்பிய பிரசவ லேகியத்தை அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் முழுங்கினார். சம்பளத்துக்கு மேற்பட்ட சேவை அது. அவருக்கும் அட்டைதான் கூலி கொடுத்தது.

போன மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. டாக்டர் ஜூன் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். இத்தனை ஆண்டு நம்பிக்கைக்கு நன்றி. இடத்தை எடுத்து நடத்த ஆள் கிடைக்கவில்லை. ஒரு பகுதிக்கு இத்தனை காப்பீட்டு டாக்டர் என்று கணக்கு வைத்து இடங்களைப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் உள்ள இடத்தில் உட்கார ஆள் வர வேண்டுமே. நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கீழே ரொட்டிக் கடை அப்படியே இருக்கிறது.

நீலப் புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எட்டுப் பக்கம் நிரம்பியது, எட்டுப் பக்கம் வெள்ளை. இந்த மாதம் மறுபடி இரண்டு கோடுகள். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்று அடிபட்டுவிட்டது, இன்னொன்றின் பலகையில் அந்த இரண்டு சொற்கள் இப்போது இல்லை. சமையலறை நாட்காட்டியில் 2025 ஜூலை 1, செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் “காலை 7.15” என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது மாடி அக்கா, அன்று மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.